தங்கசாமியின் கடவாய்ப்பல்

"சொத்தைய உள்ளயே வெச்சு மூடிட்டாளா? அதுக்கு எதுக்கு பாக்கியம் அரியலூர் வரைக்கும் போனீங்க? இங்க ஒரு கொத்தனாரக் கூப்பிட்டிருந்தா சிமெண்டு கொழைச்சு அடைச்சுட்டுப் போயிருப்பான்ல."

"அண்ணி, மெதுவாப் பேசுங்க. ரோட்ல சோளம் தள்ளுறவங்கல்லாம் திரும்பிப் பாக்குறாங்க."

"பாக்கட்டும். என் தம்பி வாய்க்குள்ள அழுகல வெச்சு அடைச்சு அனுப்பியிருக்கா ஒருத்தி. நாலு பேரு பாத்தா என்ன?"

"கொஞ்சூண்டுதான் விட்டிருக்காங்களாம். வேணும்னுதான் விட்டிருக்காங்களாம்."

"வேணும்னே விட்டாளா? அப்ப இன்னும் மோசம்."

தை மாத வெயில் அப்போதுதான் சாயத் தொடங்கியிருந்தது. பாடாலூரில் அந்த மாதம் சர்வீஸ் ரோடு பாதி வண்டிகளுக்கு, பாதி மக்காச்சோளத்துக்கு. காய்கிற சோளத்தைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த பெண்கள் சண்டை தொடங்கியதிலிருந்து ஒரே இடத்தையே திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வீரம்மாளுக்கும் அவளுடைய தம்பி மனைவி பாக்யலட்சுமிக்கும் சண்டை என்றால் தெருவில் யாரும் டிவி போடமாட்டார்கள்.

சண்டைக்குக் காரணமான பல்லின் சொந்தக்காரர் தங்கசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊசி போட்ட கன்னம் இன்னும் மரத்துக் கிடந்தது. குடித்த காப்பி பாதி உள்ளே போக, பாதி உதட்டோரம் வழிந்து சட்டையில் இறங்கியது. நடுவில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் எதுவும் உருப்படியாக வரவில்லை. பாருங்க அவரே சொல்றாரு என்றாள் பாக்யலட்சுமி. அவனே சொல்றான் பாரு என்றாள் வீரம்மாள். தங்கசாமி வாயை மூடிக்கொண்டார்.

ஒரு பல்லை அடைத்துவிட்டு வந்ததற்கு இத்தனை ரகளையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அடைத்த டாக்டர் ஹேமலதா, தங்கசாமியின் மகன் மகேஷுக்குப் பேசிக்கொண்டிருக்கிற பெண். அதுதான் விஷயம்.

தங்கசாமி சோளத் தரகர். பாடாலூர் சுற்று வட்டாரத்தில் விளைகிற மக்காச்சோளம் நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன மில்லுகளுக்கு லாரி ஏறுவதற்கு முன்னால் அவர் வாய்க்குள் ஒரு மணியாவது போய்வர வேண்டும். காய்ந்ததா ஈரமா என்று கடித்துப் பார்த்துச் சொல்லுவார். வலது பக்கக் கீழ்க் கடவாய்ப்பல்லில் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று உடையவேண்டும். நசுங்கினால் இன்னும் வெயில் கேட்கிறது என்று அர்த்தம். ஈரப்பதம் பார்க்கிற மெஷின் ஒன்றும் மில்காரர்கள் கொடுத்திருந்தார்கள். அது அலமாரியில் துண்டு போர்த்திக்கொண்டு இருந்தது. முதலில் பல், பிறகு மெஷின். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மெஷினுக்குப் புது பேட்டரி போடுவார்.

அந்தப் பல்தான் கெட்டுப்போனது. முதலில் சில்லென்று தண்ணீர் குடித்தால் கூசியது. பிறகு வெல்லம், பிறகு காப்பி. கிராம்பை வைத்து அழுத்தினார், உப்புத் தண்ணீரைக் கொப்பளித்தார். பல்லில் குழி விழுந்து சோளத்தின் தொலி அதில் போய்ப் போய் அடைந்தது. டாக்டரிடம் போனால் பிடுங்கிவிடுவார்கள், பிடுங்கிவிட்டால் தொழில் போச்சு என்பது அவர் கணக்கு. அதனால் வலியை வெளியே சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிற புருஷனைப் பார்த்து எந்தப் பெண்டாட்டிக்குத்தான் தெரியாமல் போகும்?

பாக்யலட்சுமிக்கு அந்த நேரத்தில் வேறொரு வலி. மகன் மகேஷுக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை லேப்பில் வேலை. வருகிற ஜாதகத்துக்கெல்லாம் பையன் வாயைத் திறக்கமாட்டான். வேண்டாம் என்றும் சொல்லமாட்டான், சரி என்றும் சொல்லமாட்டான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவான். அப்படிப்பட்டவன் ஹேமலதாவின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "எனக்குப் புடிச்சிருக்கும்மா" என்று ஒரு முழு வாக்கியம் பேசினான். பாக்யலட்சுமி அன்றைக்குக் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். இந்தச் சம்பந்தத்தை எப்படியாவது முடித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் இவன் இன்னொரு வாக்கியம் பேசுவதற்குள் தலை நரைத்துவிடும் என்று பயந்தாள்.

அதே சமயம் பெண்ணைப் பார்க்காமல் விட அவளுக்கு மனசில்லை. மாசியில் முறைப்படி பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. பெண் பார்க்கிற அன்றைக்குப் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகக் காப்பித் தட்டோடு வருகிற எந்தப் பெண்தான் மகாலட்சுமியாக இருக்கமாட்டாள்? தன்னைப் பெண் பார்த்தபோது பக்கத்து வீட்டுக்காரி சுட்ட பஜ்ஜியைத் தின்றுவிட்டுத்தான் மாமனார் சம்மதித்தார் என்பது அவளுக்குத்தான் தெரியும். வேலை செய்கிறபோது பார்க்கவேண்டும், அதுவும் நாம் யாரென்று தெரியாமல் பார்க்கவேண்டும் என்று தீர்மானித்தாள். கையிலேயே ஒரு சொத்தைப்பல் தயாராக இருந்தது.

பெரம்பலூரில் பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளின் பின்னாலேயே புழுதி குடித்துக்கொண்டு அரியலூர் போய்ச் சேர்ந்தார்கள். பேரைக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டதும் பாக்யலட்சுமி வாயில் வந்ததைச் சொன்னாள். தன் பெயர் வீரம்மாள், அவர் முத்துசாமி. முத்துசாமி வீரம்மாளின் புருஷன். தங்கசாமி ஒரு நிமிஷத்தில் தன் சொந்த மச்சானாகிப்போய் உள்ளே நடந்தார்.

ஹேமலதா கூந்தலைத் தூக்கிக் கிளிப் போட்டிருந்தாள். கையில் வளையல் இல்லை. முகத்தில் பாதி மாஸ்க். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு பாக்யலட்சுமி மதிப்புப் போடத் தொடங்கினாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். பஞ்சில் எதையோ நனைத்துச் சில்லென்று பல்லில் வைத்து, கூசுதா, எடுத்தவுடனே நிக்குதா, நின்னு நின்னு வலிக்குதா என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பாக்யலட்சுமி அவளுடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தாள். எலுமிச்சம்பழச் சாதம். யார் செய்தது என்று தெரியவில்லை. கேட்டேவிட்டாள்.

"ஏம்மா, சமையல்லாம் நீயேதான் பண்ணுவியா?"

"ஞாயித்துக்கெழம மட்டும்மா. ஐயா, கொஞ்சம் இங்க பாருங்க." எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினாள். "சொத்தை நரம்புக்குக் கிட்டக்கப் போயிடுச்சு. ஆனா நரம்பு உசுரோட இருக்கு. கூச்சம் ஒடனே நின்னுடுதுல்ல, அது நல்ல சேதி. இப்ப எல்லாத்தையும் தோண்டி எடுக்குறேன்னு எறங்குனா நரம்பு தெறந்துக்கும். அப்பறம் ரூட் கேனல் பண்ணணும், இல்லாட்டி புடுங்கணும்."

புடுங்கணும் என்ற சொல்லுக்குத் தங்கசாமி நாற்காலியோடு எழுந்திருக்கப் பார்த்தார்.

"புடுங்கலங்க. சுத்தி ஓரமெல்லாம் கெட்டியா வர்ற வரைக்கும் சுத்தமா எடுத்துடுறேன். நடுவுல, நரம்புக்கு மேல மட்டும், தோல் மாதிரி கொஞ்சம் இருக்கும். அத தொடாம விட்டுட்டு மேல காத்துக்கூடப் போகாத மாதிரி அடைச்சுடுறேன். திங்க ஒண்ணும் கெடைக்காம உள்ள இருக்குற கிருமி அடங்கிடும். பல்லு உள்பக்கத்துலருந்து தானா ஒரு சொவரு கட்டிக்கும்."

"மறுபடி வலிச்சா?" என்றாள் பாக்யலட்சுமி.

"வலிக்கவே வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன்மா. பெரும்பாலும் வலிக்காது. வலிச்சா வாங்க, அப்ப அடுத்தது என்னன்னு பாக்கலாம். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் கெட்டியா எதையும் கடிக்க வேணாம்."

பெண் பிடித்துப்போயிற்று. அவசரமில்லாத கை, அதட்டாத பேச்சு. அந்தச் சந்தோஷத்தில்தான் பாக்யலட்சுமி ஊர் வந்ததும் நடந்ததையெல்லாம் நாத்தனாரிடம் கொட்டிவிட்டாள், பேர் மாற்றிச் சொன்னதைத் தவிர. சொத்தையை விட்டு அடைத்ததைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரிடம் எதைச் சொல்லக்கூடாது என்பது அவளுக்கு எப்போதும் சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

வீரம்மாளுக்குத் தன் மகள் மஞ்சுவை மகேஷுக்குக் கொடுக்கவேண்டும் என்று ஆசை. அத்தை மகள், முறைப்பெண், ஊர் உலகத்தில் யாரைக் கேட்டாலும் நியாயம்தான். மஞ்சு பெரம்பலூர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அதே கடையில் சரக்கு இறக்குகிற பிரிவைப் பார்த்துக்கொள்கிற அரவிந்தனோடு அவள் டீ குடிப்பது பாடாலூரில் எல்லோருக்கும் தெரியும், பெற்றவளைத் தவிர. ஊர் விஷயம் அத்தனையும் கைவசம் வைத்திருக்கிற வீரம்மாளுக்குத் தன் வீட்டு விஷயம் மட்டும் கடைசியில்தான் வந்து சேரும்.

மறுநாளிலிருந்து பேச்சு பரவியது. பால் ஊற்றுகிற இடத்தில், ரேஷன் வரிசையில், சோளம் காய்கிற ரோட்டில் எல்லாம் அரியலூர் டாக்டர் பொண்ணுதான். அடிப்பிடித்த சட்டியைக் கழுவாமல் கவிழ்த்து வைக்கிறவள் என்றாள் வீரம்மாள். மூலைக் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுகிற கை என்று இன்னொருத்தி எடுத்துக்கொடுத்தாள். படிச்சவங்க ஏதாச்சும் காரணத்தோடதான் செய்வாங்க என்று யாரோ சொன்னபோது, அப்ப உன் பல்லைக் கொண்டுபோய்க் காட்டு என்று அடக்கிவிட்டார்கள். கடைசியில் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. பல் தாங்கினால் பெண் நல்லவள். வலித்தால் சம்பந்தம் வேண்டாம். சம்பந்தப்பட்ட யாரையும் கேட்காமலே இந்தப் பரீட்சை முடிவானது. பாக்யலட்சுமியும் அதை மறுத்துப் பேசவில்லை. அவளுக்கே உள்ளுக்குள் அந்தக் கொஞ்சூண்டு சொத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

வீரம்மாள் தம்பிமேல் உயிராக இருப்பவள். அதை யாரும் குறை சொல்லமுடியாது. அந்தப் பாசத்தில்தான் அவள் முறுக்குச் சுட்டுக்கொண்டு வந்தாள். அடுத்து வறுத்த மொச்சை. அடுத்து ஒரு கட்டுக் கரும்பு, பொங்கலுக்கு மிஞ்சியது என்று. தங்கசாமி எல்லாவற்றையும் இடது பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கித் தின்றார். சோளக்காரர்கள்தான் அவரை விடவில்லை. அன்பழகன் என்பவன் ஒரு பிடி சோளத்தைக் கொண்டுவந்து நீட்டினான். தங்கசாமி இடப்பக்கம் கடித்து, ஈரம் இருக்கு என்றார்.

"அந்தப் பக்கம் கடிச்சுச் சொல்லுங்கண்ணே. இது உங்க பல்லே இல்ல," என்றான் அன்பழகன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

தங்கசாமி அலமாரியைத் திறந்து, துண்டை எடுத்துவிட்டு, மெஷினில் போட்டுக் காட்டினார். மெஷினும் ஈரம் என்றது. அன்பழகன் மெஷினை நம்பவில்லை. இத்தனை வருஷமாக மெஷினை நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.

அதற்குப் பிறகு ஒரு காலை, பனி இன்னும் விலகாத நேரத்தில், தங்கசாமி கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கம். குழைய வடித்த சாதம்கூட இறங்கவில்லை. காப்பி கொதிப்பதற்குள் வீரம்மாள் வந்துவிட்டாள்.

"நான் சொன்னேன்ல," என்றாள். அதை எத்தனை விதமாகச் சொல்லமுடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னாள்.  பாக்யலட்சுமிக்குப் புருஷன் பல்லைவிட மகனுடைய அந்த ஒற்றை வாக்கியம்தான் கண் முன்னால் நின்றது. அரியலூருக்கே திரும்பப் போய் அந்த மிச்சச் சொத்தையையும் எடுக்கச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். நானும் வரேன், நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன் என்று வீரம்மாள் புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. பேர் மாற்றிக் கொடுத்தது பாக்யலட்சுமிக்கு பஸ் அரியலூருக்குள் நுழையும்போதுதான் நினைவுக்கு வந்தது.

வாசலில் இருந்த பெண் சிரித்தபடி எழுந்தாள். பாக்யலட்சுமியைப் பார்த்து, "வாங்க வீரம்மாள் அம்மா. முத்துசாமி ஐயாவுக்கு மறுபடி வலியா?" என்றாள்.

"அவரு வூட்ல கடலை தின்னுக்கிட்டு இருக்காரு, அவருக்கென்ன வலி?" என்றாள் நிஜ வீரம்மாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பாக்யலட்சுமி சுவரில் மாட்டியிருந்த பல் படத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரக் குடுத்து, என் புருஷன் பேரயும் குடுத்துட்டியா பாக்கியம்?"

உள்ளே ஹேமலதாவுக்கு எல்லாம் கேட்டது. அவள் எதுவும் கேட்டுக்கொள்ளாமல் தங்கசாமியைப் படுக்கவைத்தாள். அடைத்த பல்லைத் தட்டிப் பார்த்தாள். வலிக்கவில்லை. சில்லென்று வைத்தாள். லேசாகக் கூசி நின்றது. மறுபடி எக்ஸ்ரே எடுத்தாள். பிறகு பல்லுக்குப் பின்னால் ஈறு வீங்கியிருந்த இடத்தில் மெல்ல இடுக்கியை விட்டு எதையோ இழுத்து, வெள்ளைப் பஞ்சின்மேல் வைத்துக் காட்டினாள். நகத்தளவு சோளத் தொலி.

"ஐயா, சோளம் கடிச்சீங்களா?"

தங்கசாமி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். அன்பழகன் போன பிறகு யாரும் பார்க்காதபோது வலப்பக்கம் வைத்து ஒரே ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார் என்பது பின்னால் வெளியே வந்தது. ஒன்று என்பது அவர் சொன்ன கணக்கு.

ஈறைக் கழுவிவிட்டதும் வலி குறையத் தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு எழுந்து வந்திருப்பார்கள். பாக்யலட்சுமி எழவில்லை. வேஷம் கலைந்த பிறகு இனி மறைக்க என்ன இருக்கிறது என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினாள். தான் யார், மகன் யார், ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பதையெல்லாம் சொன்னாள்.

"தெரியும்," என்றாள் ஹேமலதா. "பல்லு காட்ட வந்தவங்க யாரும் என் சோத்துப் பையத் தெறந்து பாத்ததில்ல."

"அப்ப ஒனக்கே புரியும்ல கண்ணு. எங்களுக்கு ஒம்மேல நம்பிக்கை இருக்கு. ஊருக்காகத்தான் கேக்குறேன். அந்த அடைப்பத் தெறந்து, விட்ட கொஞ்சத்தையும் எடுத்துட்டு, மறுபடி மூடிடு. எங்கிட்ட கேட்டா முழுசா எடுத்தாச்சுன்னு நான் வாய் நெறையச் சொல்லுவேன். பேச்சும் அடங்கிடும், மாசியில நாங்களும் தட்டோட வந்துடுவோம்."

ஹேமலதா மாஸ்க்கைக் கழற்றினாள். பாக்யலட்சுமி அந்த முகத்தை முழுசாகப் பார்த்தது அப்போதுதான்.

"தெறக்க மாட்டேன் அத்தை."

"ஒரு தடவதானே."

"நல்லா ஆறிக்கிட்டிருக்குற பல்லு. இப்பத் தெறந்தா நரம்பு தெறந்துக்கும். அன்னிக்கு வலிக்குறது ஊருக்கு இல்ல, மாமாவுக்கு. நாளைக்கு அதுவா வலிச்சா நானே தெறந்து பாப்பேன், ஒங்க பக்கத்துலயே நின்னு பதில் சொல்லுவேன். மத்தவங்க பேசுறாங்கன்னு தெறக்க மாட்டேன். இதுக்காகச் சம்பந்தம் வேணாம்னு நீங்க சொன்னாலும் சரி."

 கூடவே உள்ளே வந்து நின்றிருந்த வீரம்மாள் சிரித்தாள். முதலில் முந்தானைக்குள், பிறகு அடக்கமுடியாமல்.

பஸ்ஸில் ஜன்னலோரம் வீரம்மாளுக்குத்தான் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழிவிட்டு விட்டு பஸ் ஊர்ந்தது. வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பொண்ணுன்னா இப்படி இருக்கணும். நீ எங்க வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து உன்னை எதிர்த்து ஒரு மாட்டேன் சொல்ல ஆளில்லாமல் கிடந்தது, எங்க அப்பனும் சொல்லவில்லை, என் தம்பியும் சொல்லவில்லை, இப்பத்தான் ஒருத்தி கிடைத்திருக்கிறாள், விட்டுவிடாதே என்றாள். மஞ்சுவின் பேச்சே வரவில்லை. மஞ்சு உனக்குப் பயந்துக்குவா என்று மட்டும் போகிறபோக்கில் ஒரு தரம் சொன்னாள்.

இப்போது பாக்யலட்சுமிதான் யோசனையில் விழுந்தாள். நேற்றுவரை இந்தப் பெண் வேண்டும் என்று சண்டை போட்டவள், நாத்தனார் சரி என்றதும் ஏன் சரி என்கிறாள் என்று பயந்தாள். முகத்துக்கு நேராக மாட்டேன் என்கிறவளை நாளைக்கு வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தங்கசாமி பக்கத்தில் கன்னத்தைத் தடவிக்கொண்டு, வலி விட்ட சுகத்தில் தூங்கி வழிந்தார். சோளம் கடிக்கமாட்டேன் என்று தலையாட்டிவிட்டுக் கடித்த மனுஷன். தம்பிக்குப் பலகாரம் என்று சொல்லிப் பல்லைச் சோதித்த நாத்தனார். பேரையே மாற்றிச் சொன்ன தான். யோசித்துப் பார்த்தால் இத்தனை பேரில் செய்ததைச் செய்தேன் என்றும், செய்யாததைச் செய்யமாட்டேன் என்றும் சொன்னது அந்தப் பெண் ஒருத்திதான்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பாடாலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது மகனுக்குப் போன் போட்டாள்.

"பொண்ணு கொஞ்சம் வாய்தாண்டா," என்றாள். "பரவால்ல. மாசியிலயே பேசி முடிச்சுடலாம்."

"சரிம்மா," என்றான் மகேஷ். வழக்கம்போல அவ்வளவுதான்.  

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மகேஷும் ஹேமலதாவும் அரியலூரிலேயே வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சமையல் யாருடையது என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் தீர்ப்பாகவில்லை. தங்கசாமி அலமாரியிலிருந்த மெஷினை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார். பல் அப்படியேதான் இருக்கிறது, யாரும் திறக்கவில்லை. மஞ்சு, கல்யாணப் பந்தியில் அரவிந்தனுக்குப் பாயசத்தை அளவில்லாமல் ஊற்றியபோது வீரம்மாளுக்கும் விஷயம் விளங்கியது. ஒரு மாதம் அழுதாள், அடுத்த தையில் அவளே முன்னின்று கல்யாணத்தை நடத்திவைத்தாள். அரவிந்தனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து எல்லோருமாகப் போய்விட்டார்கள், முத்துசாமியும் கடலையோடு சேர்த்து.

போன மாசம் வீரம்மாளுக்கே கடவாயில் குடைச்சல். ஓசூரில் தெருவுக்கொரு பல் டாக்டர் இருக்க, அவள் பஸ் மாறி மாறி அரியலூர் வந்து சேர்ந்தாள். ஆழமான சொத்தைதான். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பதற்கு முன்னால், "நீ எவ்வளவு எடுக்கணுமோ எடு, எவ்வளவு விடணுமோ விடு கண்ணு, ஒங்க மாமியாக்காரி காதுக்கு மட்டும் போகவேணாம்," என்றாள்.

ஹேமலதா யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் பாடாலூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மரத்துப்போன வாயோடு பாக்யலட்சுமிக்குப் போன் போட்டு ஆதியோடந்தமாகச் சொன்னது வீரம்மாளேதான்.